மூக்கில் மாட்டித் தூங்கும் சிபாப் மெஷின்: பாலக்கோட்டிலிருந்து எட்டு மாத அனுபவம்

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் மண்டி வைத்திருக்கிறேன். வயது 53. இருபத்தாறு வருஷமாக ராத்திரி இரண்டரை மணிக்கு எழுந்திருக்கிற பிழைப்பு. தூக்கத்தில் மூச்சு அடைக்காமல் இருக்க, எட்டு மாதமாக சிபாப் (CPAP) என்கிற மெஷினை மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிறேன். வாங்குவதற்கு முன்னால் தமிழில் தேடிப் பார்த்தேன். விற்கிறவர்கள் போட்ட விளம்பரம் கிடைத்ததே தவிர, போட்டுத் தூங்கினவர் எழுதியது ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீளமாகத்தான் வரும். இந்த மெஷினுக்குப் பின்னால் என் அம்மாவின் கதை இருக்கிறது.

அம்மாவுக்கு 77 வயது. அல்சைமர் என்கிற மறதி நோய். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிறேன். அடுப்பில் உலை தளதளவென்று கொதிக்கிறது. பக்கத்தில் கேழ்வரகு மாவு அளந்து வைத்திருக்கிறது. களி கிண்டுகிற துடுப்பைக் கையில் பிடித்தபடி அம்மா நிற்கிறார். கொதிக்கிற தண்ணீரையே பார்க்கிறார். "என்னம்மா?" என்றேன். "இதுக்கு அப்புறம் என்னடா பண்ணணும்?" என்று கேட்டார். அறுபது வருஷம் களி கிண்டின கை அது. அடுத்து மாவைக் கொட்ட வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரியாமல் போய்விட்டது. நான்தான் மாவைக் கொட்டினேன். துடுப்பு பானைக்குள் போனதும் கை தானாகக் கிண்ட ஆரம்பித்துவிட்டது. கட்டி இல்லாத களி.

அதற்கப்புறம் ராத்திரிகள் கெட்டன. இரண்டு மணிக்கு எழுந்து, "விடிஞ்சிடுச்சி, வாசல் தெளிக்கணும்" என்று பக்கெட்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறப்பார். பகலில் திண்ணையில் சாய்ந்து தூங்கி விழுவார். தர்மபுரியில் டாக்டரிடம் கூட்டிப்போனபோது அவர் பொறுமையாகச் சொன்னார். ராத்திரி எது பகல் எது என்று உடம்புக்குக் கணக்கு வைக்கிற இடம் மூளைக்குள் இருக்கிறது, இந்த நோய் அதையும் தொடுகிறது. அதோடு ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து இருபது வருஷம் முன்னாலேயே மூளையில் நோய் தொடங்கிவிடுகிறது, அந்தக் காலத்திலேயே தூக்கம் கலைய ஆரம்பிக்கலாம். தூக்கம் கெட்டால் நோய்க்கு வழி கிடைக்கிறது, நோய் வந்தால் தூக்கம் இன்னும் கெடுகிறது. இரண்டு பக்கமும் வண்டி ஓடுகிற ரோடு மாதிரி.

பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று என்னைப் பார்த்தார். "நீங்க எவ்வளவு நேரம் தூங்குவீங்க?"

"நாலு, நாலரை மணி நேரம் சார்."

பக்கத்தில் இருந்த என் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அதுலயும் பாதி நேரம் மூச்சே வராது சார். குறட்டை விட்டுட்டே இருப்பாரு, திடீர்னு சத்தம் நின்னுடும். நான் எழுந்து மூக்குகிட்ட கை வெச்சுப் பார்ப்பேன். அப்புறம் தொண்டையைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அப்பதான் நான் படுப்பேன்." கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம். ராத்திரியில் அவள் கை என் மூக்கடியில் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

டாக்டர் கழுத்தை டேப்பால் அளந்தார், 17 அங்குலம். ரத்த அழுத்தத்துக்கு எத்தனை மாத்திரை, பகலில் உட்கார்ந்தபடி தூங்குவீர்களா, ராத்திரி எத்தனை தடவை ஒன்றுக்குப் போவீர்கள் என்று கேட்டார். இரண்டு மாத்திரை, ஆமாம், மூன்று தடவை. மார்க்கெட் டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கி, சூடான டீ தொடையில் கொட்டின கதையையும் சொன்னேன். தொப்பூர் கணவாயில் சேலம் லோடு ஓட்டிப் போனபோது கண் சொருகி, லாரி ஹாரன் கேட்டு விழித்ததை மட்டும் மனைவி முன்னால் சொல்லவில்லை. வெளியே வந்த அப்புறம் திரும்ப உள்ளே போய் டாக்டரிடம் தனியாகச் சொன்னேன். உங்களுக்கு அப்படி நடந்திருந்தால் தயவுசெய்து டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

முதலில் பரிசோதனை. ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், வீட்டிலேயே செய்துவிட்டார்கள். ஒரு தம்பி சாயங்காலம் பைக்கில் வந்தார். மார்பில் ஒரு பெல்ட், மூக்கில் ஒரு சின்ன டியூப், விரலில் ஒரு கிளிப். "எப்பவும் போல தூங்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் வந்து கழற்றிக்கொண்டு போனார். 4,500 ரூபாய். விரல் கிளிப் கொஞ்சம் உறுத்தியது, மற்றபடி தொல்லை ஒன்றும் இல்லை.

ரிப்போர்ட்டில் இரண்டு எண்களைப் பாருங்கள், மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார். ஒன்று, மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைப்படுகிறது என்பது. ஐந்துக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேலே கடுமை. எனக்கு 38. அதாவது சுமார் ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு தடவை. இரண்டாவது, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு தூரம் இறங்கியது என்பது. சாதாரணமாக 95க்கு மேலே இருக்க வேண்டியது, எனக்கு 74 வரை இறங்கியிருந்தது. கொரோனா சமயத்தில் 90க்குக் கீழே போனாலே ஆம்புலன்ஸ் தேடி ஓடினோம். நான் ஒவ்வொரு ராத்திரியும் அங்கே போய்த் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறேன்.

தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடுகிறது. மூளை பதறி எழுப்புகிறது, சதை இறுகி மூச்சு வருகிறது, திரும்பத் தூக்கம், திரும்ப அடைப்பு. ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்கவே விடாது. சிபாப் ஒரு சின்ன காற்று பம்ப். முகத்தில் மாட்டுகிற மாஸ்க் வழியாக இதமான அழுத்தத்தில் காற்றைத் தள்ளி, தொண்டை மூடாமல் திறந்து வைத்திருக்கும். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை, நம் அறைக் காற்றுதான். 1981ல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் கண்டுபிடித்தது.

இதற்கும் அம்மாவின் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று நான் ஒரு மாதம் டாக்டரை நச்சரித்தேன், என் பெண் இங்கிலீஷில் படித்துப் படித்துச் சொன்னாள். எனக்குப் புரிந்ததை மார்க்கெட் பாஷையில் சொல்கிறேன். ஏலம் நடக்கிறபோது தரையைக் கூட்ட முடியாது. கிரேட் இறங்கிக்கொண்டே இருக்கும், ஆள் நடமாட்டம், வண்டி. நசுங்கின தக்காளியும் இலையும் சகதியும் தரையில் சேர்ந்துகொண்டே போகும். கூட்டம் கலைந்து, கடைசி வண்டி போன பிறகுதான் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ முடியும். மூளைக்கும் அப்படி ஒரு கழுவுகிற வேலை இருக்கிறது என்கிறார்கள். விழித்திருக்கிறபோது வேலை செய்த மூளையில் பீட்டா அமிலாய்டு என்ற புரதம் கழிவாகச் சேர்கிறது. அல்சைமர் வந்தவர் மூளையில் கட்டி கட்டியாகப் படிந்திருப்பது இந்தப் புரதம்தான். 2013ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டு குழு எலிகளை வைத்துப் பார்த்தது. எலி தூங்கும்போது மூளைச் செல்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளி 60 சதவீதம் கூடுகிறது, அதன் வழியே திரவம் ஓடி அமிலாய்டு இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேறுகிறது என்றார்கள். 2018ல் மனிதர்களிடமே பார்த்தார்கள். நல்ல ஆரோக்கியமான 20 பேரை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் வைத்து மூளையை ஸ்கேன் செய்ததில், அமிலாய்டு சுமார் 5 சதவீதம் ஏறியிருந்தது. ஒரே ராத்திரிக்கு.

இருபத்தாறு வருஷம் தரை கூட்டாமல் ஏலம் நடத்தினவன் நான் என்று அன்றைக்குத் தோன்றியது. தூக்கம் வரவில்லை. தூக்கத்தைப் பற்றிப் படித்தே தூக்கம் போய்விட்டது என்று மனைவி என் போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் எழுதுவது நியாயமாக இருக்காது. 2024ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் எலிகளை வைத்தே செய்த ஆய்வு, தூங்கும்போது இந்தக் கழுவுதல் குறைகிறது என்று நேர்மாறாகச் சொன்னது. அந்தச் சண்டை விஞ்ஞானிகளுக்குள் இன்னும் தீரவில்லை. அதே 2024ல் லான்செட் மருத்துவ இதழின் குழு, மாற்றிக்கொள்ள முடிந்த 14 காரணங்களைச் சரிசெய்தால் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்குச் சொன்னது. அந்த 14ல் தூக்கம் இல்லை, இன்னும் போதுமான சான்று வேண்டும் என்று விட்டிருக்கிறார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் பருமன், காது மந்தம் எல்லாம் இருக்கின்றன. மூச்சு அடைப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. எனக்கு அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

என்னை உண்மையிலேயே உலுக்கினது வேறு ஒன்று. 2011ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு. 298 வயதான பெண்களின் தூக்கத்தைப் பரிசோதித்து, சுமார் ஐந்து வருஷம் கழித்துத் திரும்பப் பார்த்தார்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டவர்களில் நூற்றுக்கு 45 பேருக்கு ஞாபகக் குறைவோ மறதி நோயோ வந்திருந்தது. தடைப்படாதவர்களில் 31 பேர். அம்மா வாழ்நாள் முழுக்கக் குறட்டை விட்டவர். "உழைச்ச உடம்பு, அசந்து தூங்குது" என்று நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சரி, மெஷின் விற்கிற கடைக்கு வருகிறேன். முதலில் போன கடையின் பேர் சொல்லப்போவதில்லை. அம்மா விஷயத்தை நானாகத்தான் சொன்னேன். அங்கே இருந்த ஆள் உடனே, "இதைப் போட்டீங்கன்னா அம்மாவுக்கு வந்த வியாதி உங்களுக்கு வராது சார், கேரண்டி" என்றார். டாக்டரைக் கேட்டேன். அப்படி உறுதி கொடுக்கிற ஆய்வு இன்றைக்குத் தேதிக்கு எங்கேயும் இல்லை என்றார். பெற்ற தாய் தன் பேரை மறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவன் பயத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக் கொடுப்பான். அந்தப் பயத்தின் மேல் வியாபாரம் செய்வது பெரிய தப்பு. யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டாவது கடைக்காரர் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், ஒத்துக்கொண்டால் வாங்குங்கள் என்றார். அவரிடமே வாங்கினேன்.

வாடகை 4,000 ரூபாய். பிறகு வாங்கினது தானாக அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மாடல், 42,000. மாஸ்க் தனியாக 4,800. இந்தப் பணத்தை மெஷினில் மிச்சம் பிடித்தாலும் மாஸ்க்கில் பிடிக்காதீர்கள். முகத்தில் ராத்திரி முழுக்க இருக்கப்போவது அதுதான். முதலில் வாய் மூக்கு இரண்டையும் மூடுகிற பெரிய மாஸ்க் கொடுத்தார்கள். எனக்கு அடர்த்தியான மீசை. மீசை வழியாகக் காற்று ஒழுகிக் கண்ணில் வீசியது, காலையில் கண் சிவந்துபோனது. அப்புறம் மூக்கை மட்டும் மூடுகிற மாஸ்க்குக்கு மாற்றி, மீசையின் மேல் விளிம்பை ஒட்ட வெட்டினேன். ஒழுகல் நின்றது. மீசை வைத்திருக்கிறவர்கள் கடையிலேயே படுத்து, பக்கவாட்டில் திரும்பி, மாட்டிப் பார்த்து வாங்குங்கள். நின்றுகொண்டு போட்டுப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

முதல் மூன்று வாரம் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். தூக்கத்தில் நானே பிடுங்கி எறிந்திருப்பேன், காலையில் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். முகத்தில் யாரோ ஊதுகிற மாதிரி இருக்கும். டெக்னீஷியன் தம்பி ஒரு யோசனை சொன்னார். தூங்கும்போது போடுவதற்கு முன்னால், டிவி பார்க்கிறபோது அரை மணி நேரம் போட்டுப் பழகுங்கள் என்றார். நாலு நாளில் பழகிவிட்டது. அழுத்தத்தைக் குறைவாக ஆரம்பித்து மெதுவாக ஏற்றுகிற வசதியும் இருக்கிறது, அதைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது அழுத்தம் 11ல் நிற்கிறது. சத்தம் பெரிதாக இல்லை, ஃபேன் சத்தத்தில் கேட்காது. என் குறட்டையோடு இருபத்து நாலு வருஷம் படுத்தவளுக்கு முதல் வாரம் அந்த அமைதிதான் தூக்கத்தைக் கெடுத்ததாம்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். காற்றை ஈரமாக்க மெஷினில் ஒரு சின்ன தொட்டி உண்டு. போர்வெல் தண்ணீர் ஊற்றினேன், ஒரே வாரத்தில் தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படலம் கட்டிவிட்டது. நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடும் உப்பும் எவ்வளவு என்று தெரியும், அதற்காகத்தானே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. இப்போது டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். தினமும் காலையில் மிச்சத்தைக் கொட்டிவிட்டு, தொட்டியையும் மாஸ்க்கையும் கழுவி நிழலில் கவிழ்த்து வைக்கிறேன். வெயிலில் வைக்காதீர்கள், ரப்பர் கெட்டுவிடும்.

கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். இன்வெர்ட்டர் இருந்தால் ஓடும், ஆனால் தண்ணீர் சூடாக்குகிற ஸ்விட்சை அணைத்துவிட்டால் பேட்டரி ராத்திரி முழுக்கத் தாங்குகிறது. ஃபில்டரில் மாதம் ஒரு தடவை கறுப்பாகத் தூசி சேர்கிறது, ரோட்டு மேலே வீடு என்றால் இன்னும் சீக்கிரம். வாய் காய்ந்துபோகிற தொல்லை எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

பலன்? மணிக்கு 38 என்பது இப்போது 3. ராத்திரி எழுந்து ஒன்றுக்குப் போவது மூன்றிலிருந்து ஒன்றாகிவிட்டது. ரத்த அழுத்த மாத்திரையில் ஒன்றை டாக்டர் நிறுத்தினார், நானாக நிறுத்தவில்லை. எனக்கு ரொம்ப முக்கியமானது ஒன்று இருக்கிறது. போன வருஷம் மண்டியில் விவசாயி பேர் மறக்க ஆரம்பித்திருந்தது. மாரண்டஹள்ளியிலிருந்து பத்து வருஷமாக எனக்கே காய் போடுகிற ஒருவர் எதிரே நிற்கிறார், பேர் வரவில்லை. துண்டுச் சீட்டில் கூட்டல் தப்பு வந்தது. ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. மெஷின் போட்ட மூன்றாவது மாதம் பேர்கள் திரும்ப வந்துவிட்டன. மூச்சு அடைப்பினால் தூக்கம் கெட்டாலே இப்படி மறதி வரும், அது அல்சைமர் ஆக வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னபோது கண் கலங்கிவிட்டது.

மெஷின் தராத ஒன்று உண்டு. நேரம். இங்கிலாந்தில் அரசு ஊழியர்கள் சுமார் 8,000 பேரை 25 வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2021ல் வந்தது. 50 வயதிலிருந்து 70 வரை ராத்திரி ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கிக்கொண்டே இருந்தவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கினவர்களை விட மறதி நோய் 30 சதவீதம் அதிகம். நாலரை மணி நேரம் மாஸ்க் போட்டுத் தூங்கினாலும் நாலரை மணி நேரம்தான். அதனால் அதிகாலை லோடு இறக்குகிற வேலையைத் தம்பி மகனிடம் விட்டேன். மாதம் கொஞ்சம் பணம் குறைகிறது. ஒன்பதரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்து ஏலத்துக்குப் போகிறேன். எல்லாராலும் இது முடியாது என்று தெரியும். மல்லி பறிக்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், ஓசூரில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள் எங்கே போவார்கள்? ஆனால் குறட்டை நடுவில் மூச்சு நிற்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், அந்த ஒரு ராத்திரிப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அம்மாவுக்கும் இந்த மாஸ்க்கை ஒரு ராத்திரி போட்டுப் பார்த்தோம், டாக்டர் சொல்லித்தான். ஐந்து நிமிஷம்கூட வைத்திருக்கவில்லை. பயந்து அழுதார். சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டோம். இப்போது காலையில் வெயில் படும்படி வாசலில் உட்கார வைக்கிறோம், பகலில் தூங்கவிடாமல் பேரப்பிள்ளைகளோடு மொச்சை உரிக்க வைக்கிறோம், சாயங்காலத்துக்கு மேல் காபி இல்லை. தூக்க மாத்திரையை மெடிக்கலில் நாமாக வாங்கிக் கொடுக்கவே கூடாது, வயதானவர்களுக்குக் குழப்பமும் கீழே விழுவதும் கூடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வாரத்தில் நாலு ராத்திரி தூங்குகிறார். மூன்று ராத்திரி எழுந்துவிடுகிறார்.

முன்பெல்லாம் அந்த இரண்டு மணிக்கு நான் கத்தியிருக்கிறேன். அரைத் தூக்கத்தில், மார்க்கெட்டுக்குப் போகிற அவசரத்தில், பெற்றவளைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். போன வாரம் பக்கெட் சத்தம் கேட்டது. மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனேன். தலை தெளிவாக இருந்தது. "இன்னும் விடியலம்மா, கொஞ்ச நேரம் உட்காரலாம் வா" என்றேன். திண்ணையில் உட்கார்ந்தோம். என் மூக்குமேல் மாஸ்க் பதிந்த தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "எங்க தம்பி அடிச்சிக்கின?" என்றார். அவருடைய தம்பி என்று நினைத்தாரோ என்னவோ. "வலிக்கலம்மா" என்றேன். அரை மணி நேரம் கழித்துத் தானாகவே எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். நான் திரும்ப மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நாலரை வரை தூங்கினேன்.